புகார்ப் புத்தகத்தில் ஒரு நன்றி

அவைக்குத் தலைமை தாங்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அணைத்தாயிற்று என்று அடித்துச் சொல்லும் தந்தைமார்களே! ஒலிபெருக்கியையே ஓரங்கட்டும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் இந்த மூன்றாம் மாடிக்காரி வணங்குகிறேன்.

நன்றியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் காவலாளி அறையில், கயிறு கட்டிய பேனாவோடு புகார்ப் புத்தகம் ஒன்று இருக்கிறதல்லவா? அதில் அதிகம் எழுதியவள் நான்தான். "உன் கையெழுத்து அழகா இருக்குன்னு ஊருக்கே காட்டணுமா?" என்று என் கணவரே கேட்டிருக்கிறார்.

போன வருடம் நம் குழாய்க்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. பதினொரு வருடமாக நம் தொட்டிகளையும் மோட்டாரையும் காப்பவர். காரணம் என்ன தெரியுமா? ஒரே வருடத்தில் அறுபத்திரண்டு புகார்கள். "அறுபத்திரண்டு! இதுக்கு மேல என்னங்க ஆதாரம் வேணும்?" என்றார் தலைவர். தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அன்று நீங்கள் சிரிக்கவில்லை!

கூட்டத்தில் புத்தகத்தை உரக்க வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. வாசித்தேன். "குளியலறைக் குழாய் ஒழுகுகிறது." எதிரே அவருடைய கோணல் எழுத்தில், "சரிசெய்யப்பட்டது." அதே தேதி. "தொட்டி வழிகிறது." சரிசெய்யப்பட்டது. அதே தேதி. "கழிவுநீர் அடைப்பு." அதுவும் அதே தேதி! வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கியது. அறுபத்திரண்டில் பத்தொன்பது என் கையெழுத்து. குழாய் பழையதானது யார் குற்றம்? அடைத்த தலைமுடி யாருடையது? ஓடி வந்தவர் யார்? குனிந்தவர் யார்? கையை உள்ளே விட்டவர் யார்? அவரை அனுப்புவதற்கு நாம் காட்டிய ஆதாரம், அறுபத்திரண்டு முறை அவர் வந்து நின்றதற்கான ஆதாரமல்லவா?

அதைத்தான் எழுந்து சொன்னேன். கதவோரம் நின்றிருந்த அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "அவர் இருக்கட்டும்" என்று முதலில் கை தூக்கியவர் யார்? இதோ, இதே தலைவர்! இதற்குத் தட்டுங்கள் கையை.

மறுநாள் காலை நான் புத்தகத்தில் எழுதினேன்: "மூன்றாம் மாடியில் தண்ணீர் நன்றாக வருகிறது. நன்றி." பத்தே நிமிடம். வாசலில் மனிதர், மூச்சிரைக்க, கையில் ஸ்பானர்!

"எங்கம்மா ஒழுகுது?"

"எங்கயும் ஒழுகலண்ணே. நான் எழுதினதைப் படிக்கலையா?"

"உங்க எழுத்தைப் பார்த்தாலே காலு தானா ஓடுதும்மா. எங்க படிக்கிறது?"

சொன்னேன். நம்பவில்லை. உள்ளே வந்து எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "சரிம்மா... இதுக்கு எதிர்ல நான் என்னன்னு எழுதுறது?"

கீழே போய் என்ன எழுதினார் தெரியுமா? "பழுது இல்லை."

அன்பானவர்களே! பழுதான நாளுக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம், பேனா கட்டியிருக்கிறோம். பழுதில்லாத நாளுக்கு என்ன வைத்திருக்கிறோம்? விளக்கு எரிந்த நாளுக்கு? பேருந்து வந்த நாளுக்கு? பிள்ளை பத்திரமாக வீடு திரும்பிய நாளுக்கு?

பெரிதாக எதுவும் வேண்டாம். பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், யார் என்ன செய்தார்களோ அதைச் சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள், ஆனால் எச்சரிக்கை! "தினமும் என் புடவையைத் தேய்ச்சு வைக்கிறீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றேன் என் கணவரிடம். "பீடிகையெல்லாம் எதுக்கு? என்ன வேணும்னு நேரா கேளு" என்றார். நான்கு நாள் விடாமல் சொன்ன பிறகுதான் நம்பினார். கைதட்டல் பெண்கள் பக்கமிருந்து மட்டும் வருகிறதே, ஏன்?

இந்த மேடையில் இடம் தந்த சங்கத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. நம் குழாய்க்காரர் இந்த அரங்கில் இல்லை. நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது தண்ணீர் வரவேண்டுமே என்று மோட்டார் அறையில் நிற்கிறார். நான் இறங்கி நேராக அங்கேதான் போகிறேன். அந்தச் சின்ன அறைக்கு வெளியே, எனக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கும் என்று நம்பி விடைபெறுகிறேன். வணக்கம்!