தோட்டா என்று மட்டும் சொன்னேன்

தோட்டாவைப் பற்றி நம் ஊரில் இருக்கும் பயம் தேவையில்லாதது. துப்பாக்கிக்குள் இருந்தால்தான் குழல் அதை இறுக்கிப் பிடித்து முன்னே தள்ளும். தீயில் கிடந்தால் காகித உறை கிழியும், ரவைகள் பக்கத்திலேயே கொட்டும். பித்தளை மூடி தெறித்துக் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் ஊற்றலாம். முனிசிபாலிட்டிக்கு நான் எழுதிக்கொடுத்த தீத்தடுப்பு நோட்டீஸிலும் இதையே சொல்லியிருக்கிறேன்.

இதை எனக்குக் காட்டியவர் என் அண்ணன் வேதநாயகம். சித்தூரில் வேட்டைத் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். நான் அங்கே எழுத்து வேலை பார்த்தேன். 1931 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பழசாகிப்போன ஒரு டஜன் தோட்டாக்களைச் செங்கல் அடுப்பில் போட்டு, முன்னால் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். சடசடவென்று வெடித்தன. வேட்டியில் ஓர் ஓட்டை இல்லை.

"பாத்தியாடா தம்பி, பொரி பொரியற மாரி கீது. இதுக்குப் பயந்துக்கினு ஓடறவன் கழுதை."

அடுத்த ஏப்ரலில் சர்ச்சில் அவருக்குக் கலியாண ஓலை வாசித்தார்கள்; மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கலியாணம். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பெண், மிஷன் பள்ளி டீச்சர் லோயிஸ். உனக்காகப் பேசிவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் அவள் வீட்டுக்குப் போனார். முதல் இரண்டு ஞாயிறும் பாதிரியார், ஆட்சேபணை உள்ளவர் சொல்லலாம் என்றார். சபையில் எழுந்து பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் ஓலைக்கு நான்கு நாள் இருக்கையில் கடை தீப்பிடித்தது. நான் வைக்கவில்லை. துப்பாக்கி துடைத்த மண்ணெண்ணெய்த் துணியில் அண்ணனின் சுருட்டு விழுந்திருக்க வேண்டும். மத்தியானத்தில் அவர் பின்னாலிருந்த மாந்தோப்பில் படுப்பார் என்பது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை வெயிலில் கறுக்கக் கூடாதென்று அந்த வாரம் கடையின் பின்னறையில் படுத்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த அறைக்கு வழி கடைக்குள்ளேதான்.

எண்ணெய் ஆலை எத்திராஜ் சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் கால் வைத்தவன், நின்றான்.

"இன்னாண்ணா அது, உள்ள வெடிச்சிக்கினு கீது?"

அதே நேரம் தண்ணீர் வண்டிக்காரன் முனிரத்தினம் என் தோளை உலுக்கி, "மீ அன்ன எக்கட?" என்று தெலுங்கில் கேட்டான். உன் அண்ணன் எங்கே என்கிறான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே சொல் சொன்னேன்.

"தோட்டா."

எத்திராஜ் சாக்கைப் போட்டுவிட்டான். "நான் புள்ளகுட்டிக்காரன், சாமி." முனிரத்தினத்தின் காதில் அது தெலுங்குச் சொல்லாக, தோப்பு என்று விழுந்தது. "தோட்டலோனா? பதண்டிரா" என்று நிம்மதியாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு, அண்ணனை எழுப்ப மாந்தோப்புக்கு ஓடினான்.

நான் பின்னறைச் சன்னலுக்குப் போனேன். கம்பிக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"தம்பி, வெறும் பொரிடா அது. ஆளக் கூட்டிக்கினு வாடா."

கழுதைகள் எல்லாம் ஓடிவிட்டன என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. குரல் நிற்கும்வரை துணைக்கு நின்றேன்.

எனக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லை ஒரு நொடி வாயில் வைத்து, யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பார்த்த பிறகே சொன்னேன்.

மறு வருடம் லோயிஸுக்கும் எனக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. போன மாதம் நோட்டீஸ் அச்சாகி வந்தது. லோயிஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்போ அன்னிக்கு உள்ள போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்," என்றேன்.

நான் இதுவரை யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனை விட்டு அவள் ஏன் தாய்வீட்டுக்குப் போனாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.