வெள்ளைக் குச்சி வரிசைத் தக்காளி

சாட்சியின் பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பெண். வயது முப்பத்தாறு. பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் புழு எண்ணும் பணி. யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, விசாரணை அதிகாரி முன்பு, கேட்டபோது பதிலாகவும் கேட்காதபோது தானாகவும் சொன்னது பின்வருமாறு:

நான் பண்ணையின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர் அதே பண்ணையில் மருந்தடிப்பவர். என் வேலை புழு எண்ணுவது. இதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருக்கும் காவலர் நிமிர்ந்து பார்த்தார். என் வேலையைக் கேட்டு நிமிர்ந்து பார்க்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு செடியாகப் புரட்டி, இலையில் எத்தனை, காயில் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்கிறேன் என்றேன். மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இந்தப் பருவத்தில் பண்ணையில் போட்டிருந்தது தக்காளி. காயைத் துளைக்கும் புழு கடித்தால் புழுவே செத்துப் போகும்படி, வேறோர் உயிரின் மரபணுவை உள்ளே வைத்து உருவாக்கிய செடி. அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, கடையில் வாங்கிய சாதாரண நாற்றையும் நட்டிருந்தார்கள். புதுச் செடி வரிசையின் முனையில் மஞ்சள் பூசிய குச்சி, சாதாரணச் செடிக்கு வெள்ளைக் குச்சி. வெளியாட்களுக்கு இந்த நிறக் கணக்குத் தெரியாது. இரண்டுக்குமே மருந்தடிக்கக் கூடாது, அடித்தால் புழு எதனால் செத்தது என்று தெரியாமல் போய்விடும். பழம் ஒன்றுகூட வேலியைத் தாண்டக் கூடாது, யாரும் வாயில் வைக்கக் கூடாது, பறித்ததையெல்லாம் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இது பண்ணையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

மருந்தடிக்கும் வேலை இல்லை என்பதால் என் கணவரைப் பாதை கூட்டச் சொல்லிவிட்டார்கள். அவர் சுபாவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். புழு ஓட்டை போட்ட இலையைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைக்கூடச் சும்மா விடமாட்டார், போகிற போக்கில் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார். வெள்ளைக் குச்சி வரிசைகளில் புழுக்கள் விருந்து வைத்துக்கொண்டிருந்தன. துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மருந்தே அடிக்காத ஸ்பிரேயர் பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றிக் கழுவி மறுபடி மாட்டுவார். "அதான் அடிக்கிறதே இல்லையே, எதுக்குங்க கழுவுறீங்க?" என்று கேட்டால், "நீ போய் உன் புழுவை எண்ணு" என்பார்.

தற்போது காவலில் இருப்பவன் என் உடன்பிறந்த தம்பி. பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். மெதுவாகப் பேசத் தெரியாதவன் என்பதால் எல்லோரும் அவனை 'ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரபணு மாற்றிய பயிரே வேண்டாம் என்று சொல்லும் குழுவில் முன்னால் நிற்பவன் அவன். "உங்கக்கா சம்பளம் வாங்குற இடத்துலயே கல்லெறியுறியே" என்று என் கணவர் வம்புக்கு இழுப்பார். "உங்க கையில இருந்து பம்பைப் புடுங்கினதே அந்தச் செடிதான் மாமா, அதை யோசிச்சீங்களா?" என்று இவன் கத்துவான். கத்தி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்துத் தின்பார்கள். அவர்களுக்குள் பகை எதுவும் இல்லை.

மூன்று நாட்களுக்கு முன் பண்ணையை வெளியாருக்குத் திறந்து காட்டினார்கள். எதிர்ப்பவர்களும் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று பண்ணை இயக்குநரே அழைத்திருந்தார். எண்ணும் வேலை அன்று வேண்டாம் என்று சொல்லி, எங்களை, துவைத்த கோட்டுப் போட்டு, வந்தவர்கள் செடிப் பக்கம் போகாமலிருக்கக் கட்டிய கயிற்றோரம் நிற்க வைத்தார்கள். அதன் பிறகு இயக்குநர் பேசினார். பேச்சின் நடுவிலேயே என் தம்பி, "இவ்வளவு சொல்றீங்களே சார், நீங்க இதைத் தின்னுவீங்களா?" என்று கேட்டான். இயக்குநர் "தாராளமா" என்று மஞ்சள் குச்சிப் பக்கம் திரும்பினார். "நீங்க எடுக்கிறது வேணாம். நான் பறிச்சுத் தர்றதைத் தின்னுங்க" என்று தம்பி கயிற்றைத் தாண்டி, தனக்குப் பக்கத்தில் இருந்த வரிசையில் நன்றாகப் பழுத்த மூன்றைப் பறித்து நீட்டினான். அது வெள்ளைக் குச்சி வரிசை. தான் பறித்தது சாதாரணத் தக்காளி என்று அவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததை நான் மிக அருகிலிருந்து பார்த்தேன். இயக்குநர் பழத்தைப் பார்க்கவில்லை, வரிசை முனையில் இருந்த குச்சியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். கழுவாமல், துடைக்காமல், மூன்றையும் சாறு சட்டைக் காலரில் வழிய வழியத் தின்று, விரலையும் சப்பிக் காட்டினார். வந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, சட்டை நனையும்படி வேர்த்தது, நாற்காலியைப் பிடித்தபடியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. புதுத் தக்காளி ஆளையே சாய்த்துவிட்டது என்று கூட்டம் கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் என் தம்பிதான். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, உடம்பில் பூச்சிமருந்து ஏறியிருக்கிறது என்றார்கள். பழம் தம்பியின் கையிலிருந்து போனதாலும், அவன் கடையில் ஒரு மருந்து பாட்டில் கிடைத்ததாலும், அவனே தடவிக் கொடுத்தான் என்று சொல்லிச் சாயந்திரம் அழைத்துப் போனீர்கள். அந்தக் கடைக்கு ரிப்பேருக்கு வரும் ஸ்பிரேயர்களோடு அப்படிப்பட்ட பாட்டில்கள் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆம்புலன்ஸ் போன கையோடு நான் தம்பி பறித்த செடியிடம் போனேன். இலையைப் புரட்டினேன். ஒரு புழுகூட இல்லை. எல்லாம் கீழே மண்ணில் செத்துச் சுருண்டு கிடந்தன. இலையைக் கசக்கி முகர்ந்தேன். எனக்கு விஞ்ஞானம் தெரியாது, ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வாடை அடிக்கும் சட்டையைத் துவைப்பவள் நான். மருந்து அறையின் சாவி என் கணவரிடம் மட்டுமே இருக்கும். திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த அறையின் பின்பக்கம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் செருப்பைப் பார்த்தார்.

மறுநாள் காலை, வெளியாள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பயிரை வைத்திருக்கக் கூடாது என்ற விதிப்படி, இரண்டு வகைச் செடியையும் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு எரித்தார்கள். பிடுங்கியவர்களில் என் கணவரும் ஒருவர். ஆகவே சோதித்துப் பார்க்க இன்று ஓர் இலைகூட இல்லை.

அன்று அவர் புகை வாடையோடு வீட்டுக்கு வந்து குழாயடியில் கை கழுவினார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். நான் குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னது: "விருந்தாளி வர்ற வீட்டுல கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க? அவ்வளவு பேர் வந்து பார்க்கும்போது பாதி வரிசை புழு நெளிய நின்னா பண்ணை மானம் என்னாவறது? அதான் விடியக்காலம் போய் அடிச்சேன். புழு முத்திப் போயிருந்துச்சு, கொஞ்சம் தூக்கலாவே கலந்தேன். யாரு திங்கப் போறா, எல்லாம் குழிக்குத்தானே போகுதுன்னு இருந்துட்டேன்."

சாதாரணச் செடியில் புழு நெளிவதைக் காட்டத்தான் ஆட்களை வரவழைத்தார்கள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. அதற்குப் பிறகு அவர், "காத்து பார்த்துத்தான் அடிச்சேன். மஞ்சள் பக்கம் ஒரு சொட்டு போகல" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அப்ப தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணும் கிடைக்கலன்னா விட்டுருவாங்க. நான் மாட்டினா வேலையும் போகும், நானும் உள்ளே போவேன். நீ வாயைத் திறக்காதே" என்றார். சோறு போட்டேன். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டார். நான் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

அதன் பிறகு நேற்று அனுமதி வாங்கித் தம்பியைப் பார்த்தேன். பயந்து போயிருப்பான் என்று நினைத்துப் போனேன். அவனோ கல்யாண மாப்பிள்ளை போல இருந்தான். "பார்த்தியாக்கா? செடிக்குள்ள விஷம் வெச்சாங்க, இப்ப ரத்தத்துல விஷம் வந்துருக்கு. கேஸ் கோர்ட்டுக்குப் போகட்டும். ஊர் உலகமே தெரிஞ்சுக்கட்டும்" என்றான். கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அதெல்லாம் நிற்காது என்றான். அவன் பறித்தது சாதாரணத் தக்காளி என்றும், அதில் மருந்து அடித்திருந்தது என்றும் சொன்னேன். அவன் வாழ்நாளில் முதன்முறையாக மெதுவாகப் பேசினான். "மாமாவா?" என்றான். தலையை ஆட்டினேன். "யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா எல்லாம் போச்சு" என்றான். மாமாவைக் காப்பாற்றவா, குழுவைக் காப்பாற்றவா என்று கேட்டேன். "ரெண்டுமேன்னு வெச்சுக்கோ" என்றான்.

வெளியே வந்தபோது டீக்கடை டிவியில் இயக்குநர் கண் விழித்துவிட்டார் என்று சொன்னார்கள். தான் தின்றது புதுத் தக்காளிதான் என்றும், அதனால் எந்தக் கேடும் இல்லை, கொடுத்தவன்தான் எதையோ தடவிவிட்டான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் பிழைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அவர் குச்சியைப் பார்த்தார். சாதாரணத் தக்காளி என்று தெரிந்துகொண்டுதான் தின்றார். இன்றைக்கு அவர் வாயும் அதைச் சொல்லவில்லை, என் கணவர் வாயும் சொல்லவில்லை, தெரிந்த பிறகு என் தம்பியும் சொல்ல மாட்டேன் என்கிறான். புதுத் தக்காளி நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் தினமும் குனிந்து எண்ணினேன். அன்று அவர் தின்றது அது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நேற்று வீட்டுக்குப் போனதிலிருந்து நடந்துகொண்டே இருந்தேன். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெருமுனை, மறுபடி அடுப்படி. "ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையுற?" என்று என் கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

சொந்தக் கணவருக்கு எதிராக யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவருக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை, அவர் செய்ததைச் சொல்கிறேன். அவரை எனக்குப் பிடிக்கும். கொல்லப் பார்த்தவன் என்று என் தம்பி உள்ளே போனால் எப்போது வருவான் என்று தெரியாது. என் கணவர் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தெரியாமல் செய்தவருக்கும் கொல்லப் பார்த்தவருக்கும் ஒரே தண்டனை இருக்காதுதானே என்று அதிகாரியிடம் கேட்டேன். நான் கேட்டதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கணவர் இப்போது எங்கே என்ற கேள்விக்கு: நிலையத்துக்கு வெளியே, கேட்டுப் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். தம்பிக்கு மாற்றுத் துணி கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவரே தேடி நல்ல சட்டையாக எடுத்து மடித்துப் பையில் வைத்து, என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். அவரைக் கூட்டிவரக் காவலரை அனுப்ப வேண்டாம். நானே போய்க் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டால் எதற்கென்று கேட்காமல் வருவார்.

எழுதியதை அந்தக் காவலரே எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் என் கணவர் 'மருந்து வைத்தார்' என்று இருந்தது. 'மருந்தடித்தார்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது. நான் சொன்னதில் பொய் இல்லை, எனக்குத் தெரிந்து விட்டுப்போனதும் இல்லை.

(ஒப்பம்) சாட்சி
என் முன்னிலையில்: (ஒப்பம்) விசாரணை அதிகாரி