பிரபுவின் வலது கை

ஹெஸ்தர்: ...என்ன ரூபன் அண்ணே, தொப்பியக் கழட்டிட்டீங்க? இது வெறும் மாதிரி அச்சுக் காகிதம்.

ரூபன்: தெரியும்மா. கை தானா போயிடுச்சு. எங்க பிரபுவே எதுர நிக்கிறாப்ல இருக்கு... மூச்சு விடுறாரும்மா.

ஹெஸ்தர்: நாலு மாசம் செம்புத் தகட்டுல கவுந்து கெடந்தேன். நீங்க சரின்னா நாளைக்கே அச்சு.

ரூபன்: பார்லிமென்டுல பேசிட்டு அதே பூட்ஸோட சாணிக்குள்ள எறங்குவார். இந்தா, அந்தச் சேறு கூட இருக்கே... பக்கத்துல நிக்கிற காளை கூட அச்சு அசலா...

ஹெஸ்தர்: கொஞ்சம் குண்டா செதுக்கிட்டேனோ?

ரூபன்: தீனி போடுறவன் நானு. அது குண்டுதான்.

ஹெஸ்தர்: அப்ப சரின்னு...

ரூபன்: இருங்க. ரெண்டு விரல் இல்லாதது அவருக்கு வலது கை. இதுல இடது கை.

ஹெஸ்தர்: இடதா? எங்க, காட்டுங்க... ஐயோ!

ரூபன்: என்னம்மா, மொகம் வெளுத்துப்போச்சு?

ஹெஸ்தர்: அச்சடிச்சா இடம் வலம் மாறிடும், அதனால தகட்டுல எல்லாத்தையும் மாத்திச் செதுக்கணும் அண்ணே. கைய வரஞ்ச படம் மட்டும் தனியா வந்துச்சு. அன்னிக்குக் கண்ணாடியில திருப்பிப் பாக்காம அப்படியே செதுக்கிட்டேன்.

ரூபன்: திருத்த முடியாதா?

ஹெஸ்தர்: தகட்டச் சுரண்டி, பின்பக்கம் தட்டிச் சமமாக்கி, மறுபடி செதுக்கணும். தகடு வளைஞ்சா நாலு மாசமும் பாழ். இந்த இடது கைக்கு ரெண்டு விரல் சேத்து ரெண்டு கையும் முழுசாக் காட்டுறதுன்னா ஒரே நாள் வேலை. ஆனா பிரபு ஒத்துக்குவாரா?

ரூபன்: ...அந்த விரல் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?

ஹெஸ்தர்: சண்டையிலயா?

ரூபன்: குதிரை கட்டி ஓட்டுற கதிரடிக்கிற எந்திரம் புதுசா வந்தப்ப. ஆளுங்க பயந்து கிட்டயே போகல. நான் மொதல்ல கை வைக்கிறேன், அப்புறம் நீங்க வாங்கன்னு அவரே போய் நின்னார்.

ஹெஸ்தர்: பிரபுவா? அம்மாடி... அவரா?

ரூபன்: கைய எடுக்குறதுக்குள்ள ஒருத்தன் அவசரப்பட்டுக் குதிரைய ஓட்டிட்டான். எந்திரம் சுத்திடுச்சு.

ஹெஸ்தர்: அவன என்ன செஞ்சார்?

ரூபன்: காளைங்கள அவன்கிட்ட ஒப்படைச்சார்.

ஹெஸ்தர்: அண்ணே... அப்ப அது...

ரூபன்: ஆமா.

ஹெஸ்தர்: இப்படியும் ஒரு மனுஷனா... சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?

ரூபன்: “விரல முழுசாப் போடச் சொல்லு ரூபன், பாக்குறவன் எப்படிப் போச்சுன்னு கேப்பான், உன் பேரு அடிபடும்”னுதான் பிரபு என்னைய அனுப்புனார், வந்ததுலேருந்து அத உங்ககிட்ட மறைச்சுட்டேன்... தகடு போனாலும் போகட்டும்மா, வலது கையில ரெண்டு விரல் இல்லாமலே செதுக்குங்க, கேக்குறவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.