விரற்கடை மணல்

சுருட்டை விரியன் பகலில் தலைகாட்டாது. வறண்ட நிலத்துப் பாம்பு, ஒரு முழம் தேறினால் அதிகம். வெயில் ஏறியதும் மணலுக்குள் புதைந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கும். நம் அலுவலகங்களில் பலரும் செய்வதுதான், ஐயா. அதற்காக அதை வேலையை விட்டு நீக்கலாமா என்பதுதான் எனக்கும் என் மச்சானுக்கும் இருந்த ஒரே தகராறு.

எங்கள் பாம்புக் காட்சியகத்தின் கண்காணிப்பாளர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்று வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் சொல்லிக் காட்டுவார்கள். பாம்பைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் மணலைக் காட்டவா டிக்கெட்டு?" என்று சண்டைக்கு வந்தார்கள். மச்சான் கடைக்குப் போய் ஒரு ரப்பர் பாம்பு வாங்கி வந்து மணல்மேல் சுருட்டி வைத்தார். கூட்டம் அள்ளியது. பெரியவர் ஒருவர் அது மூச்சு விடுவதைப் பார்த்ததாகச் சத்தியமே செய்தார்.

நிஜப் பாம்புகள் ஒன்பதும் பின்னறை டப்பாக்களுக்குப் போயின.

"எதுக்கு மாப்ளே தண்டத்துக்கு ஒம்போது உசுரு? வெள்ளிக்கிழமை சாக்குல கட்டி ஆத்தோரமா விட்டுட்டு வந்துருங்க," என்றார்.

"ஈரம் தாங்காது மச்சான். செத்துரும்."

"அப்ப வேலை சுலபம்."

சிரித்தார். பதினோரு வருடம் அவற்றுக்கு இரை கொடுத்து வளர்த்தவன் நான்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு மச்சான் அந்த ரப்பரைக் கையால் எடுத்து, கைக்குட்டையால் தூசி தட்டி, மறுபடி சுருட்டி வைப்பார். வியாழன் காலை அவர் வருமுன் ரப்பரை எடுத்துவிட்டு, ஒரு விரியனை அதன் பழைய வீட்டில் திரும்பக் குடிவைத்தேன். மணலை மட்டும் விரற்கடை ஆழத்துக்குக் குறைத்தேன்; இடம் இருந்தால் அது புதைந்துவிடும் அல்லவா. பாம்பு நாணயமாகத்தான் நடந்துகொண்டது. கை நெருங்கியதும் செதிலோடு செதிலை உரசி நன்றாகவே எச்சரித்தது. மச்சான் காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

கடித்தது. டிக்கெட் கொடுப்பவர் ஓடிவந்து துடைப்பக்கட்டையால் அதை நாலு போடு போட்டார்.

"மாப்ளே, இது விஷமா?" மச்சானின் முகம் வெளுத்திருந்தது.

"பூனைப் பாம்பு மச்சான். பார்க்கத்தான் விரியன் மாதிரி, மனுஷனை ஒண்ணும் பண்ணாது. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அன்றுதான் முதன்முதலாக அவர் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டார்.

மறுநாள் மனைவி, "அண்ணனுக்கு ஈறெல்லாம் ரத்தம் கசியுதுங்க," என்றாள். பல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இந்த விரியன் கடித்தால் ரத்தம் உறையாது என்பது எனக்குத் தெரியும். நேரத்தோடு மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார்.

ஆக, என் மைத்துனரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எட்டும் நலமாக இருக்கின்றன. ஆனால் அடிபட்ட அந்த ஒன்று, ஒரு தப்பும் செய்யாத வாயில்லாப் பிராணி, என் மடியிலேயே உயிரை விட்டது. அந்தக் கொலைக்கு இன்னும் நீங்கள் யார்மேலும் வழக்குப் போடவில்லை. இரக்கம் என்று ஒன்று உங்களுக்கெல்லாம் கிடையவே கிடையாதா, ஐயா?