வத்தல்மலை பொன்னனின் பெயரையும் சேர்த்து லூர்துமேரி அம்மையாருக்கு எழுதியது

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

குளோரோபாரம் மயக்கத்தில் மூடிய கண்கள் மறுபடி திறக்கும்போது முதலில் தெரிகிற முகமாக இருந்தவரே, பேச்சு திரும்பாத வாய்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து மூச்சை எண்ணியவரே, கடத்தூர்ப் பாதையில் இருக்கும் இந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் 1924 முதல் இன்றுவரை இருபத்திரண்டு ஆண்டுகள் நர்ஸாக உழைத்து ஓய்வு பெறுகிறவரே, உங்களை வணங்குகிறோம்.

இந்தப் பிரிவுபசார மடலை இரண்டு முறை எழுதினோம். முதலில் எழுதியது அழகாக இருந்தது. இப்போது வாசிப்பதை அதிர்ச்சியில் எழுதியிருக்கிறோம். வாக்கியங்கள் சீராக நிற்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் வரும். குழந்தைக்கு அவர்கள் பெயரைக்கூட வைப்பார்கள். மயக்கம் தெளிகிற அறையில் இருப்பவருக்கு வருவது வாந்தியும் வசவுமே. கண் விழித்தவர் தன்னைக் காத்தவரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஆகவே அந்த அறையின் நாற்காலியை ஒருவரும் கேட்டு வாங்குவதில்லை. நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். பதின்மூன்று ஆண்டுகள் அதில் அமர்ந்தீர்கள். நோயாளியின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடையை விரலால் தாங்கி, மறு கையால் நாடியைப் பிடித்தபடி, அவர் தம் பெயரைத் தெளிவாகச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டீர்கள்.

கம்பைநல்லூர் வண்டிக்காரர் ஒருவர் பாதி மயக்கத்தில் நம் டாக்டரைத் தம் மைத்துனர் என்று நினைத்து, "எறங்குடா மச்சான், மாடு தாங்காது" என்று அதட்டியது நினைவிருக்கிறதா? நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். "அவரு எறங்கிட்டாருங்க, நீங்க கண்ணைத் தொறங்க" என்று நீங்கள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்.

உறவினர் யாரும் அந்த அறைக்குள் தண்ணீர்ச் சொம்பு கொண்டுவர உங்களிடம் அனுமதி கிடையாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவீர்கள். கம்பவுண்டர் காசிம் உங்களுக்குத் தண்ணிப் போலீஸ் என்று பெயர் வைத்தார். நாங்களும் அப்படியே அழைத்துச் சிரித்தோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

மொழிபெயர்ப்பு நாவல்களில், போன கப்பல் திரும்பி வரும்வரை துறைமுகத்தில் காற்றில் நிற்கும் பெண்களைப் படித்திருக்கிறோம். நீங்கள் அவர்களில் ஒருவர் என்று முதல் மடலில் எழுதினோம். அதை அடுத்து, "உங்கள் காவலில் ஓர் உயிரும் போனதில்லை" என்று எழுதினோம். சென்ற செவ்வாய்க்கிழமை அதை உங்களிடம் வாசித்துக் காட்டினோம். அந்த வரியில் நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"அதை அடிச்சுடுங்க. போயிருக்குது."

அடக்கத்தால் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் தொடர்ந்து சொன்னீர்கள்: "வத்தல்மலைக்காரரு. பொன்னன்னு பேரு. முப்பத்து மூணாம் வருசம் குடல் எறக்கத்துக்கு ஆபரேசன் ஆச்சு. மயக்கம் தெளியல. பிரசவ வார்டுல கூப்பிட்டாங்கன்னு நான் எந்திரிச்சுப் போயிட்டேன். வந்து பாத்தா பொரை ஏறி மூச்சு நின்னு போச்சு. நான் எடத்துல இல்ல. அவரு பேரை எழுதாம இந்த மடலைக் குடுத்தா வாங்க மாட்டேன்."

உங்கள் பொறுமை பிறவிக் குணம் என்று நம்பியிருந்தோம். ஒரு மனிதரின் சாவிலிருந்து நீங்கள் அந்த நாற்காலிக்கு வந்தீர்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் மடலில் ஒரு சாவை எழுதுவதா என்று இரண்டு நாள் சண்டையிட்டோம். வேண்டாம் என்றவர்களே அதிகம்.

அம்மையீர், இனி வாசிக்கப்போவது உங்களுக்கே புதியது. தயவுசெய்து அமர்ந்தே கேளுங்கள்.

நேற்று மாலை வார்டு ஆயா மாதம்மாள் எங்களிடம் வந்தார். பதின்மூன்று ஆண்டுகளாக உங்கள் அறையைக் கழுவி, உங்கள் துணிகளை வெந்நீரில் அலசும் அதே மாதம்மாள். அவர் கணவரை இழந்தவர் என்று அறிவோம். அந்தக் கணவர்தான் பொன்னன் என்பதை நேற்றுத்தான் அறிந்தோம்.

"என்னமோ எழுதப் போறீங்களாமே. நான் சொல்றதையும் எழுதுங்க சாமி" என்றார். "அம்மா எந்திரிச்சுப் போனாங்க. நான் உள்ள போனேன். அவரு ஒதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. பேச்சு மூச்சு இல்லாம கெடக்கிறவருக்குத் தண்ணி காட்டாம இருக்கக் கூடாதும்பாங்க எங்க மலையில. ரெண்டு மொடக்கு ஊத்துனேன். அம்மா வந்து சொம்பைப் பாத்தாங்க, என் மூஞ்சியைப் பாத்தாங்க. சொம்பைத் தூக்கி வெளிய வெச்சுட்டு, டாக்டர்கிட்ட, தான் எடத்துல இல்லன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வேலை கேட்டு வந்தேன். வாங்கிக் குடுத்தாங்க. அந்தத் தண்ணியாலதான் அவரு போனாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"சொன்னா அவங்களும் அழுவாங்க, நானும் அழுவேன். அப்புறம் மயக்கத்துல கெடக்கிற ஆளுங்களை யாரு பாக்கறது?"

அம்மையீர், ஒரே அறையில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு நீங்கள் இரண்டு பெண்களும் பதின்மூன்று ஆண்டுகள் வேலை செய்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே இருந்த நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். இதைப் பாராட்டுவதற்குரிய சொல் எங்களிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டோம். அன்று அந்த அறைக்கும் பிரசவ வார்டுக்கும் ஒரே நர்ஸை வைத்ததும், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் ஒருவரும் சொல்லாததும் ஆஸ்பத்திரியின் குற்றங்கள். இனி அந்த நாற்காலியில் நர்ஸ் ராஜாமணி அமர்வார். அவர் அமர்ந்திருக்கும்போது வேறு வார்டிலிருந்து யாரும் அவரை அழைக்கக் கூடாது என்று டாக்டர் இன்று காலை எழுதிக் கையெழுத்திட்டார்.

நீங்கள் கேட்டபடி அந்த வரியை மாற்றினோம். அது இப்போது இப்படி இருக்கிறது: "உங்கள் காவலில் ஒருவர் இறந்தார். அவர் வத்தல்மலை பொன்னன். அவருக்குப் பின் ஒருவரும் இறக்கவில்லை."

கோவிலூரில் உங்கள் தங்கை வீட்டில் நீங்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும். யாருடைய மூச்சையும் எண்ணாமல் நீண்ட நேரம் தூங்க வேண்டும். நோயின்றிப் பல்லாண்டு வாழ வேண்டும். எங்கள் ஆசை இவ்வளவே.

இந்த மடலை டாக்டர் உங்களிடம் வழங்குவதாக இருந்தது. அவர் அமர்ந்தே இருப்பார். கடைசி வரிசையிலிருந்து மாதம்மாள் எழுந்து வந்து தருவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
மாதம்மாள் (இடது பெருவிரல் ரேகை)
மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர்கள்
1946