புகையில் தூக்கிய விதை வெங்காயம்

எங்கோ ஷெல் குத்தி ஏவுகிறார்கள். தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விழுகிறது. பின்னால், நீர்வேலிப் பக்கம்.

தொண்ணூற்றைந்து. ஐப்பசி. மழை. விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு, கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் தெருவில் நிற்கிறோம். நடக்கிறோம் என்று சொல்ல முடியாது. முன்னால் நிற்பவரின் முதுகு அசைந்தால் எங்கள் கால் அசைகிறது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். இறங்கி ஓட இடமில்லை.

எங்களிடம் ஒரு சைக்கிள். இவர் தள்ளுகிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முன் பாரில் எங்கள் மகன் தவம், சின்னப்பிள்ளை. பின் கரியரில் மாமி, இவரின் தாய். மாமியின் மடியில் ஓர் உரப்பை. பைக்குள் விதை வெங்காயம். உடுப்பு மூட்டை என் தலையில்.

"ஹெலி வருது! குனியுங்கோ! குனியுங்கோ!"

குனிகிறோம். தெரு முழுவதும் குனிகிறது. டப டப என்று தலைக்கு மேலால் போகிறது. நிமிர்கிறோம். தவம் குடையை ஹெலிக்குக் காட்டுகிறான். பறித்து மடக்குகிறேன்.

சீ என்று ஒரு சத்தம். பின் சில்லு காற்றுப் போகிறது. சைக்கிள் சரிகிறது.

"பாரத்தை இறக்கு! வழியை விடு!" பின்னால் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள்.

இவர் பையைப் பார்க்கிறார். தாயைப் பார்க்கிறார். மாமி ஒருத்தரையும் கேட்கவில்லை. தானே வழுக்கி இறங்கினார்.

"எணை அம்மா, நீ இரு. பையை எறிவம்."

"உன்ரை தலையை எறி. என்னை நட்டா முளைக்கப் போறனே? பையை வை."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்த இடத்தில், அந்த மழையில், சிரிப்புச் சத்தம். பிறகு நடந்தோம். மாமியும் நடந்தார். அவருடைய செருப்பு ஒன்று சேற்றில் போனது. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு நடந்தார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை நிறையச் சனம். எங்களுக்கு விறாந்தை கிடைத்தது. மாமியின் கால் வீங்கியது. வெடிப்புக்குள் சேறு. காய்ச்சல் வந்தது. அந்த மாரி முடிய முதல் அந்த விறாந்தையிலேயே போனார்.

விதை வெங்காயத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சின்ன வெங்காயத்தைக் காயிலேயே நடுவோம். தோட்டத்தில் கிண்டி எடுத்ததில் நல்லதைத் தெரிந்து, காய்ந்த தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, குசினியில் அடுப்புக்கு மேலே தடியில் தூக்குவோம். புகை பிடிக்க வேண்டும். புகை பிடித்தால் பூஞ்சணம் வராது. பூச்சி தொடாது. அடுத்த போகத்துக்கு நடும்வரை அங்கேதான் தொங்கும். அந்தக் கட்டுகள் போனால் தோட்டம் வெறும் மண். காசு கொடுத்து வாங்கலாம் என்பார்கள். கெட்ட காலத்தில் காசு இருந்தாலும் விதை இருக்காது. அதனால்தான் மாமி இறங்கினார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பின்னிய தென்னோலையால் வேய்ந்த கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டார்கள். பெரிய கிடாரத்தில் எல்லோருக்கும் கஞ்சி. நாள் முழுக்க அடுப்பு எரியும். கட்டுகளை அந்தக் கொட்டிலின் வளைமரத்தில் தூக்கினேன். அவ்வளவு புகையை அந்த விதை அதற்கு முன் கண்டதில்லை. ஒரு காயும் அழுகவில்லை. யாரோ ஒருவருடைய காணித் துண்டில் கேட்டு நட்டோம். மாசியில் கிண்டினோம். திரும்பவும் அதே கொட்டிலில் தூக்கினோம். சித்திரை கழிந்து வீட்டுக்கு வந்தபோது விதை எங்களோடு வந்தது.

வீட்டில் கூரை இல்லை. கதவு இல்லை. மாட்டுக்கொட்டிலில் கயிறு மட்டும் கிடந்தது. இவர் முதலில் குசினியைத்தான் கட்டினார். நாங்கள் படுக்க ஒரு தறப்பாள். விதைக்குக் கூரை.

சண்டையால் பாதை பூட்டு, அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்றும் வராது. சவர்க்காரம் இல்லை. நெருப்புப் பெட்டி இல்லை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வீட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊமலைக் காயவைத்து அடுக்கினேன். ஊமல் என்றால் பனங்கொட்டை ஓடு. நின்று எரியும். வேலியில் முருங்கைத் தடி ஊன்றினேன். பின்வளவில் மரவள்ளி. அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் நெருப்புக் குச்சி வேண்டாம். உப்பு எப்போதும் ஒரு பானை. சைக்கிளுக்கு எப்போதும் காற்று. சண்டை முடிந்த பிறகும் இதில் ஒன்றையும் நான் விடவில்லை.

சண்டை முடிந்தது. இவர் போய்விட்டார், வருத்தம் வந்து, கட்டிலில் கிடந்து. தவம் கலியாணம் செய்தான். சுதா வந்தாள். புதுக் குசினி கட்டினான். மாபிள் நிலம், காஸ் அடுப்பு. பழைய குசினியை இடிக்கப் பார்த்தான். நான் விடவில்லை. கிடுகு வேய ஆள் கிடைக்கவில்லை என்று தகரம் போட்டுத் தந்தான். நாலு பக்கமும் மழை அடிக்காமல் அடைத்தும் தந்தான்.

"உலகத்தில வெங்காயத்துக்குக் குசினி வைச்சிருக்கிற ஆள் எங்கடை மாமிதான்," என்பாள் சுதா. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். காட்டட்டும். தினமும் பின்னேரம் ஒரு சின்ன நெருப்பு வைப்பேன். விதைக்கு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பங்குனி.

தடாங். தடாங். தடாங்.

தெருவில் சத்தம். நான் முருங்கைக்குக் கீழே நிற்கிறேன். உடம்பு தானாகப் பழைய பங்கர் இருந்த மூலைக்குப் போகிறது. பங்கர் மூடி எவ்வளவு காலம். அங்கே இப்போது வாழை நிற்கிறது. வாழையைப் பிடித்துக்கொண்டு குந்துகிறேன்.

"காஸ் வந்திட்டுது! ஓடியாங்கோ! சந்தியில குடுக்கிறாங்கள்!"

வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு சனம் ஓடுகிறது. அந்தச் சத்தம்தான். சுதா எங்கள் சிலிண்டரோடு ஓடினாள். வெயில் தாழ்ந்து, அதே வெறும் சிலிண்டரோடு வந்தாள்.

நாட்டிடம் காசு முடிந்துவிட்டதாம். பெற்றோல் இல்லை. பால்மா இல்லை. கரண்ட் போகும், வரும், போகும். தோட்டத்தில் மோட்டார் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. உரம் அதற்கு முந்தின வருசமே நின்றது. கிண்டிய வெங்காயம் விரல் நுனி அளவு. அதிலும் நல்லதைத் தெரிந்து கட்டித் தூக்கினோம். வைகாசியில் நடவேண்டும். சந்தையில் விதை இல்லை. இருக்கிறவன் தரமாட்டான்.

தவம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு பேசினான்.

"அம்மா, கட்டாருக்கு ஆள் எடுக்கிறாங்கள். நான் பதிஞ்சு வைச்சிருக்கிறன். இந்தப் போகம் முழுத் தோட்டத் தறையும் நட்டால் நிக்கிறன். இல்லாட்டிப் போறன்."

"விதை தொங்குது. நீ நட ஆயத்தப்படுத்து," என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்பில்லை. எழும்புவேன். குசினிக்குப் போவேன். அண்ணாந்து பார்ப்பேன். வருவேன். திரும்ப எழும்புவேன்.

அந்த நேரம்தான் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்தாள். கையில் அரிசிப் பானை.

"அக்கா, ஒரு உலை வைச்சிட்டுப் போறன். பிள்ளையள் காலமை பிஸ்கற்றோட இருக்குதுகள்."

"வை. இதென்ன கேள்வி?"

அடுத்த நாள் அவளோடு இன்னொரு வீடு. பிறகு எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும். காஸை நம்பி அடுப்பை இடித்தவர்கள் எல்லோரும். நான் முறை வைத்தேன். வருகிறவர் ஆளுக்கொரு பிடி விறகோ ஓலையோ கொண்டு வரவேண்டும். சோறு முதல், கறி பிறகு. வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றக் கூடாது, உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்கு. அடுப்பு மூன்றாகியது. காலையிலிருந்து பின்னேரம் வரை உலை கொதிக்கும்.

"அக்கா, உங்கடை குசினி இப்ப ஹோட்டலாப் போச்சு. வாசல்ல ஒரு போட் எழுதி மாட்டுவமே?" என்றாள் பாக்கியம்.

"மாட்டு. முதல் கணக்கு உன்ரை."

எனக்குப் பெருமைதான். ஏன் மறைப்பேன்? சிரித்த வாய் எல்லாம் என் அடுப்புக்கு முன் நின்றது. விதைக்கும் நல்லது என்று நினைத்தேன். பள்ளிக்கூடக் கொட்டிலில் எவ்வளவு நெருப்பு, எவ்வளவு புகை. ஒரு காய் அழுகவில்லையே. தவமும் அந்தக் கொட்டிலைக் கண்டவன். அவனே ஏணி வைத்து ஏறி, கட்டுகளை அடுப்புக்கு நேர் மேலே நெருக்கி மாட்டினான்.

"நல்லாப் புகை குடிக்கட்டும்," என்றான்.

சித்திரை. வெயில் கொளுத்துகிறது. சுதா அடுப்படியில் நிற்கிறாள். டிக். அவள் கையிலிருந்த தட்டில் ஒரு சொட்டு. டிக். இன்னொன்று.

"மாமி, மழையே இல்லை. என்னெண்டு ஒழுகுது?"

அண்ணாந்து பார்க்கிறேன். தகரத்தின் உட்பக்கம் முழுவதும் வேர்த்திருக்கிறது. முத்து முத்தாய்த் தண்ணீர். ஒவ்வொன்றாய்க் கனத்து விழுகிறது. வெங்காயத்தின் மேல்.

கிடுகுக்கு மூச்சு விடத் தெரியும். கொட்டிலில் ஆவி கிடுகுக்கூடாகப் போனது. புகைதான் தங்கியது. தகரத்துக்கு வழி எங்கே? ஒரு ஒழுங்கையின் சோற்று ஆவி முழுவதும் மேலே போய், தகரத்தில் பட்டு, தண்ணீராய்த் திரும்பி வந்திருக்கிறது. வெளித் தாள் புகை பிடித்துக் கறுத்திருந்தபடியால் கீழே நின்று பார்க்க ஒன்றும் தெரியவில்லை. தினமும் அண்ணாந்து பார்த்தேனே. கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

"இறக்கு! தவம், ஓடியா! இறக்கு!"

ஏணி. தவம் மேலே. சுதா கீழே. நான் ஏந்துகிறேன். வெங்காயக் கட்டு ஒன்றை அமத்தினேன். விரல் உள்ளே போனது. மணம் வந்தது. அழுகல் மணம். அடுத்த கட்டு. பச்சை முளை, நடும் காலத்துக்கு முதலே. அடுத்தது. கறுத்த பூஞ்சணம்.

முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பினோம். வெயிலில் பிரித்தோம். அழுகல் ஒரு பக்கம். நல்லது ஒரு பக்கம். நல்லது ஒரு சுளகை நிரப்பவும் போதவில்லை.

பாக்கியம் பானையோடு வாசலில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, எங்களாலதானே. நாங்கள் இனி வரேல்லை."

"வராமல் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுப்பாய்? உலையை வை. உள்ளுக்கு வேண்டாம். வெளியில, மாமரத்துக்குக் கீழ."

மூன்று கல் வைத்தேன். நானே நெருப்பு மூட்டினேன். ஊமல் பிடித்துக்கொண்டது. அன்றைக்கும் ஒழுங்கை முழுவதும் சாப்பிட்டது.

தவம் சாக்கின் ஓரத்தில் குந்தியிருந்தான். ஒரு அழுகல் காயை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இருக்கிறதை ஒரு மூலையில நடுவம். ரெண்டு போகத்தில பெருக்கலாம்."

"ஓம் அம்மா. நீங்கள் நடுங்கோ."

அவ்வளவுதான். அவன் சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

வைகாசியில் நட்டோம். ஒரு மூலைதான். கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினேன். முளை நிமிர்ந்த கிழமை தவத்துக்கு விசா வந்தது. பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தேன்.

"அங்க கடையள் இருக்கு அம்மா."

"இஞ்சயும் கடை இருந்தது. என்ன கிடந்தது அதுக்குள்ள? கொண்டுபோ."

சிரித்தான். வாங்கினான். வாசலில் நின்ற வாடகை வானில் ஏறினான். கதவு இழுத்துப் பூட்டிய சத்தம். டீசல் மணம். சுதா தெருவில் நின்றாள். நான் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது தகரத்தின் ஒரு பக்கத்தை உயர்த்தி ஆவி போக வழி விட்டிருக்கிறேன். நீங்களும் தகரம் போட்டவர்களென்றால் அப்படி விடுங்கள். சமையல் அடுப்பு வேறு, விதை தூக்கும் அடுப்பு வேறு வையுங்கள். காஸ் இருக்கட்டும், அடுப்பை இடிக்காதீர்கள். தொங்குகிறதைக் கண்ணால் பார்த்தால் போதாது. தொட்டுப் பாருங்கள். பழைய கெட்ட காலம் போல அடுத்த கெட்ட காலம் வராது. வேறு மாதிரி வரும். எனக்கு இன்னும் இருப்பில்லை. எங்காவது உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் எழும்பிவிடுவேன்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன். சும்மா கதை சொல்ல நான் இருக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் போனவை. வீட்டுக் கூரை. கதவு, யன்னல் எல்லாம். கிணற்று மோட்டார். கன்றுத்தாய்ச்சி மாடு ஒன்று. என் தாலிக்கொடி தவிர்ந்த நகை. போனவர், மாமி.

இருபத்திரண்டில் போனவை. விதையில் முக்காலுக்கு மேல். ஒரு போகம். போனவர், தவம்.

இவரை நான் இதில் சேர்க்கவில்லை. இவர் வயது போய், வருத்தத்தில், கட்டிலில், என் கையால் தண்ணீர் குடித்துப் போனவர். அது எல்லா வீட்டிலும் நடப்பது.

இதை எழுதுகிறேன் என்று தவத்துக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவனுக்குக் கோபம்.

"அம்மா, நான் உயிரோட இருக்கிறன். செத்த ஆக்களோட என்னை ஏன் எழுதுறியள்?"

"போனவர் எண்டுதானே எழுதினன். செத்தவர் எண்டு எழுதேல்லையே."

"அதை வெட்டுங்கோ."

"வந்து முற்றத்தில நில். வெட்டுறன்," என்றேன்.