கிணற்றுக் கயிறு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்குக் கோட்டையூரில் டவுன் பஸ் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் பெல்பாட்டம் போட்ட இரண்டு இளைஞர்கள். ஞாயிறன்று நண்பர்கள் மூவராகக் குற்றால மலைக்குப் போய், முதல்முறையாக ஓடை விழும் பாறையில், இரவல் வாங்கிய கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இறங்கிய கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“திங்கக்கிழமை கயிறு கெணத்துல இருக்கணும்னு எங்க ஆச்சி சொன்னாக. நேத்தே கொண்டுபோய்ப் போட்டுட்டேன்,” என்றான் கண்ணாடி அணிந்தவன்.

மற்றவன் கேட்டான்: “ஏன்டா, கயித்த மேல மரத்துலதானே கட்டியிருந்தோம்?”

“ஆமா.”

“மொதல்ல நீ எறங்குன, அடுத்து நான். கடைசியா யூசுப்பு. அப்ப கயித்த அவுத்தது யாரு?”

“அவன்தான் மேல இருந்து அவுத்துப் போட்டான். நான்தான் சுருட்டுனேன்.”

“அவுத்துப் போட்டுட்டு அவன் எப்புடிடா எறங்குனான்? ரெண்டு தென்னை ஒசரம்! தண்ணி வேற ஊத்துது!”

கண்ணாடிக்காரன் முகம் வெளுத்துவிட்டது. “நான் சிக்கெடுத்துக்கிட்டு இருந்தேன். நீ பாக்கலயா?”

“நான் வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டுல இருந்தேன்!”

செக்காலை நிறுத்தத்தில் ஓர் இளைஞன் ஏறினான். இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு. அவனைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“யூசுப்பு! கயிறில்லாமயாடா எறங்குன?”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“பெறகு? இரவல் கயித்த மலையில விட்டுட்டு வந்தா, உங்க ஆச்சி மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது?”